கைக்கு எட்டிய யானைமலை

எந்த வேலை வந்தாலும் முத்துத்தாய்க்கு அதை அப்போதே தொட்டுப் பார்த்துவிட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே அவளிடம் கிடையாது. ஆர்டர் கொடுக்க வந்தவர் பேசி முடிப்பதற்குள் ஒரு துண்டுப் பலகையை லேசர் மிஷினுக்குள் வைத்து, "இந்த மாதிரியா அண்ணே?" என்று எதையாவது படமாகச் சுட்டுக் காட்டிவிடுவாள். அதில் பலகை வீணாவதும் உண்டு. வந்தவர் சொக்கிப்போய் ஒன்றுக்கு ரெண்டாக வாங்கிப் போவதும் உண்டு.

கோரிப்பாளையத்தில் தர்காவுக்குப் போகிற வழியில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது அவள் கடை. வீட்டு வாசலுக்குப் பெயர்ப்பலகை, சாவிக்கொத்து, பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்கு ஷீல்டு, ரப்பர் ஸ்டாம்ப் என்று லேசர் மிஷினில் செய்யக்கூடிய எல்லாம் செய்வாள். முகூர்த்த மாதம் வந்துவிட்டால் வேறு வேலைக்கு இடமே இருக்காது. மாப்பிள்ளை பொண்ணு படத்தை மரப்பலகையில் சுட்டுத் தரச்சொல்லி வந்துகொண்டே இருப்பார்கள்.

உசிலம்பட்டிக்கு மேற்கே மானாவாரிக் காட்டில் சோளமும் குதிரைவாலியும் விதைத்துப் பிழைத்த குடும்பம் அவளுடையது. பிளஸ் டூ முடித்த கையோடு மதுரையில் ஒரு ஷீல்டு கடைக்கு வேலைக்கு வந்தாள். கம்ப்யூட்டரில் பெயர் அடிப்பதுதான் வேலை. அந்தக் கடைக்கு லேசர் மிஷின் வந்த அன்று, சின்னதாய் ஒரு சிவப்புப் புள்ளி பலகைமேல் போய்ப் போய்த் திரும்ப, ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு பெரியவரின் மீசை முளைத்ததைப் பார்த்தாள். அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு போனாள். மிஷின் ஓட்டுகிறவரை நச்சரித்து நச்சரித்துத் தொழிலைக் கற்றுக்கொண்டாள். கல்யாணமான பிறகு, லோடு வண்டி ஓட்டுகிற அவள் புருஷன் அழகுபாண்டி, கோயம்புத்தூரில் கைமாற்றி விற்ற ஒரு மிஷினைத் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். கடை அப்படித்தான் ஆரம்பித்தது.

போன ஆனி மாதம் ஒரு நாள், மேம்பால வேலையில் எழும்பிய தூசி படிக்கட்டு வரைக்கும் வந்து கிடந்த நேரத்தில், வெள்ளைக் கம்பால் படிகளைத் தட்டித் தட்டி ஒரு பெண் மேலே ஏறி வந்தாள். பெயர் பவதாரிணி. சமயநல்லூரில் வீடு. பிறவியிலேயே பார்வை கிடையாது. மதுரையில் ஒரு பேங்கில் வேலை பார்க்கிறாள்.

"மரம் கருகுற வாசம் வருதே, இதுதான் லேசர் கடையா அக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

முத்துத்தாய் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். பவதாரிணி உட்கார்ந்து, கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு விஷயத்தைச் சொன்னாள். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை விக்ரம், ஒத்தக்கடைக்காரர். அவருக்கும் பார்வை இல்லை. பள்ளிக்கூடத்தில் வரலாற்று வாத்தியார். அவருக்கு அவள் கையால் ஒரு பரிசு தர வேண்டும்.

"என்ன செய்யணும்னு சொல்லு, இப்பவே செஞ்சுருவோம்" என்றாள் முத்துத்தாய்.

"யானைமலை வேணும்."

முத்துத்தாய்க்குப் புரியவில்லை. பவதாரிணி விளக்கினாள். விக்ரம் அந்த மலை அடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். சின்னப் பிள்ளையில் கூட்டாளிகள் கையைப் பிடித்துக்கொண்டு மலை உச்சி வரைக்கும் ஏறியிருக்கிறார். மேலே காற்று எப்படி அடிக்கும், எந்தப் பாறை மதியத்தில் சுடும் என்பதெல்லாம் தெரியும். இப்போது அவர் வகுப்பில், அங்கே சமண முனிவர்கள் தங்கியிருந்த குகையைப் பற்றிப் பாடம் நடத்துகிறார். யானை படுத்த மாதிரி இருப்பதால் யானைமலை என்று பெயர் வந்தது என்று அவரே பிள்ளைகளுக்குச் சொல்கிறார்.

"ஆனா எப்படி ஆனை மாதிரி இருக்குன்னு அவருக்குத் தெரியாதுக்கா. போன்ல பேசும்போது ஒரு நாள் சொன்னாரு. தெரியாமலே சொல்லிக் கொடுக்குறேன் பவான்னு சிரிச்சாரு. எனக்கு அது மனசுலயே நின்னு போச்சு."

முத்துத்தாய்க்கு உடம்பெல்லாம் பரபரத்தது. கம்ப்யூட்டரில் யானைமலை படம் ஒன்றைத் தேடி எடுத்தாள். நல்ல பலகையாக ஒன்றை வைத்து மிஷினை ஓட்டினாள். கொஞ்ச நேரத்தில் பாறை வரிகள், அடிவாரத்துப் பனைமரங்கள், மேகம் என்று எல்லாம் அச்சாக வந்துவிட்டன. துடைத்துக்கூட முடிக்காமல் பவதாரிணியின் கையில் கொடுத்தாள்.

பவதாரிணி மேலும் கீழும் தடவிப் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கமும் தடவினாள்.

"வழவழன்னு இருக்கு. லேசாச் சூடா இருக்கு. மலை எங்கக்கா?"

முத்துத்தாய் தன் விரலை வைத்துப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். ஒன்றுமே இல்லை. இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் படம் சுட்டுக் கொடுத்தவளுக்கு, அது வெறும் நிறம் மட்டும்தான் என்பது அன்றுதான் உறைத்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது.

"இரு தங்கச்சி. இது எனக்கும் புதுசு. அடுத்த வாரம் வா, மலையைக் கையில தாரேன்" என்றாள்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் அதே பேச்சுதான். சாப்பிடும்போது சோற்றில் மலை கட்டுவாள். அழகுபாண்டி, "ரசத்தை ஊத்தட்டா, இல்ல மலை நனைஞ்சுருமா?" என்று கேட்பான். படத்தை ஆழமாகச் சுட்டால் மேடு பள்ளம் வரும் என்று அவளுக்குத் தெரியும். கறுப்பாக இருக்கிற இடத்தை மிஷின் ஆழமாகத் தோண்டும், வெள்ளையை விட்டுவிடும். அப்படி ஒன்றைச் செய்து வைத்திருந்தாள்.

பவதாரிணி வந்து தடவியவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"அக்கா, இது கண்மாய் மாதிரில்ல இருக்கு. உள்ள எறங்குது."

படத்தில் மலை கறுப்பு, வானம் வெள்ளை. மிஷின் மலையைக் குழியாகத் தோண்டி வானத்தை மேடாக விட்டிருந்தது. ரெண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கீழே மருந்துக்கடைக்காரர் என்னமோ ஏதோ என்று படியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

நிறத்தை மாற்றி மறுபடியும் ஓட்டினாள். இப்போது மேடு வந்தது. பவதாரிணி நிதானமாகத் தடவினாள்.

"ஆமா, மேடு. நீளமா இருக்கு. ஒரு பக்கம் சரிஞ்சு வருது. சரி. இதுல ஆனை எங்கக்கா?"

அப்போதுதான் முத்துத்தாய் அதைக் கேட்டாள்.

"ஆனை எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா?"

பவதாரிணி பலகையை மடியில் வைத்தாள். "கோயில்ல தும்பிக்கையைத் தலையில வச்சிருக்கு. சொரசொரன்னு, நுனி ஈரமா இருந்துச்சு. ஒரு தடவை காலைத் தொட்டேன், தூண் மாதிரி. அம்புட்டுதான். முழுசாத் தெரியாது. அவருக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றாள். பிறகு குரலை மாற்றி, "எல்லாரும் ஆனையைத் தடவின குருடங்க கதையைச் சொல்லுவாங்க, அதை நீங்களும் சொல்லிறாதீங்க" என்றாள்.

"எனக்குக் கதை எல்லாம் தெரியாது. ஆனா செய்ய வேண்டியது ரெண்டுன்னு தெரிஞ்சு போச்சு. ஒரு ஆனை, ஒரு மலை. ரெண்டும் ஒரே அளவுல, பக்கத்துப் பக்கத்துல. இடது கை ஆனையில இருக்கும், வலது கை மலையில இருக்கும்."

பவதாரிணி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். "அக்கா, அதான். அதேதான்."

இணையத்தில் கிடைத்த படங்கள் போதாது, மலையை நேரில் பார்க்க வேண்டும் என்றாள் முத்துத்தாய். நானும் வருவேன் என்றாள் பவதாரிணி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அழகுபாண்டியின் லோடு வண்டியில் மூன்று பேரும் கிளம்பினார்கள். மாப்பிள்ளை ஊருக்குச் சொல்லாமல் போகிறோமே என்று பவதாரிணிக்கு நெஞ்சு படபடத்தது. அந்தப் படபடப்பு அவளுக்குப் பிடித்தும் இருந்தது. "அவுங்க வீட்டாளுக யாராச்சும் பாத்தா என்னக்கா சொல்றது?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள்.

ஒத்தக்கடையில் ரோட்டோரமாக வண்டியை நிறுத்தி முத்துத்தாய் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்திலிருந்து பார்த்தால் பாறைதான் தெரிந்தது, யானை தெரியவில்லை. பின்னாலிருந்து ஒரு மொபெட் வந்து நின்றது. புல்லுக்கட்டு ஏற்றிய மொபெட். அதில் வந்த பெரியவர் இறங்காமலே, "பவதாரிணியா அது?" என்றார்.

பவதாரிணி குரலைக் கண்டுகொண்டு அப்படியே நின்றாள். விக்ரமின் அப்பா கண்ணுச்சாமி.

மறைக்க வழியில்லை. "மாமா, அவருகிட்டச் சொல்லிறாதீங்க" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கண்ணுச்சாமி மொபெட்டை நிறுத்தி இறங்கினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"சின்னதுல என்கிட்ட கேட்டான் தாயி. மலை எப்படிப்பா ஆனை மாதிரி இருக்குன்னான். எனக்குச் சொல்லத் தெரியல. கையைக் காலைத் தரையில ஊனிக் குனிஞ்சு நின்னு, என் முதுகைத் தடவிப் பாருடா, இப்படித்தான் இருக்கும்னேன். தடவிப் பாத்துட்டு, எலும்பாத்தான் இருக்குன்னுட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் கேக்கவே இல்ல."

துண்டை மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "இங்கேருந்து பாத்தா ஆனை தெரியாதும்மா. கண்மாய்க்கரைக்கு வாங்க" என்று மொபெட்டைக் கிளப்பினார்.

கரையில் ஏறி நின்றதும் முத்துத்தாய் கையிலிருந்த போனைக் கீழே இறக்கிவிட்டாள். அத்தனை பெரிய யானை, வயிற்றைத் தரையில் வைத்து, தும்பிக்கையை முன்னால் நீட்டிப் படுத்திருந்தது. இத்தனை தடவை மேலூர் பஸ்ஸில் இந்தப் பக்கம் போயிருக்கிறாள், இப்படிப் பார்த்ததே இல்லை. விதவிதமாகப் படம் எடுத்தாள். பிறகு பவதாரிணியை, "திரும்பி நில்லு" என்று சொல்லி, அவள் முதுகில் ஒரு விரலால் மலையின் மேல்விளிம்பை மெதுவாக வரைந்து காட்டினாள். "இங்க தலை. இங்க கழுத்து எறங்குது. இப்பப் பெரிய முதுகு. போய்க்கிட்டே இருக்கு பாரு." பவதாரிணிக்குக் கூச்சமாக இருந்தாலும் நெளியாமல் நின்றாள். "இன்னொரு தடவை" என்றாள். அழகுபாண்டியும் கண்ணுச்சாமியும் கரைச் சரிவில் உட்கார்ந்து, புல் என்ன விலைக்குப் போகிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒரே பலகையைத் தோண்டினால் விரலுக்குப் போதாது என்று முத்துத்தாய் முடிவு செய்துவிட்டாள். மெல்லிய பிளைவுட்டை மலையின் வடிவத்தில் பல அடுக்காக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாகப் பசை வைத்து ஒட்டினாள். கீழ் அடுக்கு பெரிது, மேலே போகப் போகச் சிறிது. ஒட்டியதும் படிக்கட்டு மாதிரி இருந்ததை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சரிவாக்கினாள். யானைக்கும் அப்படியே. யானை முகாம் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, காது, நெற்றிப் புடைப்பு, மடக்கிய முன்னங்கால் எல்லாம் வரைந்துகொண்டாள். முதல் யானை பன்றி மாதிரி வந்தது. அழகுபாண்டி அதற்குப் பெயர் வைத்து வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே நிறுத்திக்கொண்டான். ரெண்டாவது யானை, யானையாகவே வந்தது. அதையும் மலையையும் ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டினாள்.

பவதாரிணி வந்தாள். முத்துத்தாய் ஒன்றும் சொல்லாமல் அவள் இடது கையை யானைமேலும் வலது கையை மலைமேலும் வைத்தாள். பவதாரிணி முதலில் யானையை மட்டும் பார்த்தாள். காதைக் கண்டுபிடித்து, "இம்புட்டுப் பெருசா காது?" என்றாள். தும்பிக்கை வழியாக இறங்கி நுனி வரைக்கும் போனாள். "இது எனக்குத் தெரியும்" என்றாள். அதன் பிறகு ரெண்டு கையும் சேர்ந்து நகர ஆரம்பித்தன. முதுகு, முதுகு. கழுத்துப் பள்ளம், இங்கேயும் பள்ளம். தலை. வலது கை சட்டென்று நின்றது.

"அக்கா, தும்பிக்கை இங்கேயும் இருக்கு."

"இருக்கா?"

"இருக்குக்கா. மலையிலயும் இருக்கு. நீளமா முன்னாடி வச்சிருக்கு." மறுபடியும் பின்னாலிருந்து முன்னால் வரைக்கும் ஓட்டிப் பார்த்தாள். மறுபடியும். முத்துத்தாய் மிஷினை நிறுத்திவிட்டு, அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேறு ரெண்டு ஆர்டர் அன்றைக்கு வெளியே போகவேண்டியது இருந்தது. அதை அவள் மறந்தே போனாள்.

பலகையின் ஓரத்தில் பெயர்களை பிரெய்லியில் போடுவது கடைசி வேலை. லேசர் தோண்டத்தான் செய்யும், புள்ளியைப் புடைக்க வைக்காது. சின்னச் சின்னத் துளை போட்டு, சைக்கிள் கடையில் வாங்கிய மிகச் சிறிய இரும்புக் குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்தாள். முதல் தடவை இடைவெளி கூடிப்போனது. பவதாரிணி, "இது யாரோட பேருன்னே தெரியலக்கா, எனக்கு வேற யாரோடயோ கல்யாணமா?" என்றாள். ரெண்டாம் தடவை சரியாகப் படித்தாள்.

கல்யாணம் ஒத்தக்கடையில் ஒரு மண்டபத்தில். முத்துத்தாய் பட்டுச்சேலை கட்டி, பரிசை ஒரு போர்வையில் சுற்றிப் பிள்ளையைத் தூக்குவது மாதிரி தூக்கிக்கொண்டு போனாள். தாலி கட்டி முடிந்து, சொந்தக்காரர்கள் மேடையில் வரிசை கட்டி நின்றார்கள். சுவர்க்கடிகாரமும் கண்ணாடி போட்ட படமும் ஒரு பக்கம் குவிந்துகொண்டிருந்தன. கண்ணுச்சாமி வரிசையை விலக்கி முத்துத்தாயை மேலே ஏற்றிவிட்டார். பவதாரிணி பலகையை வாங்கித் தன் மடியிலும் விக்ரமின் மடியிலும் பாதிப் பாதியாக இருக்கிற மாதிரி வைத்தாள்.

"என்ன பவா இது?"

"உங்க ஊர்தான். தடவிப் பாருங்க. இடது பக்கம் ஆனை, வலது பக்கம் மலை."

விக்ரம் சிரித்துக்கொண்டே கையை வைத்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. போட்டோகிராபர், "சார், கொஞ்சம் இங்கிட்டுப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், விக்ரம் காதில் அது விழவில்லை. வரிசை நின்றுபோனது. பின்னால் நின்றவர்கள் என்ன என்ன என்று எட்டிப் பார்த்தார்கள். விக்ரமின் அம்மா ராமக்காள் மகன் அழுகிறானோ என்று பயந்து பக்கத்தில் வந்து குனிந்தாள்.

அவர் அழவில்லை. வலது கை விரல்களால் மலையின் முதுகில் நடந்துகொண்டிருந்தார்.

"அப்ப நாங்க ஏறினது இந்தப் பக்கமா" என்றார் மெதுவாக. "வால் பக்கத்துலேருந்து ஏறி முதுகு வழியாப் போயிருக்கோம். இங்க வந்து உக்காந்தோம்." விரல் ஓரிடத்தில் நின்று தேடியது. "இதைச் செஞ்சது யாரு?"

"நான்தான் சார், முத்துத்தாய்" என்றாள் அவள்.

"அக்கா, இங்க ஒரு குழி இருக்கணும். பாறைக்குழி. மழை பெஞ்சா தண்ணி கெடக்கும். அதுல காலை விட்டுக்கிட்டு உக்காந்திருப்போம். ஜில்லுன்னு இருக்கும்."

மேடையே சிரித்தது. முத்துத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. கண்மாய்க்கரையில் நின்று பார்த்தவளுக்கு மலைமேல் இருப்பது தெரிய வாய்ப்பில்லைதானே. அவள் அங்கேயே குனிந்து அவர் விரல் நின்ற இடத்தில் நகத்தால் ஒரு கீறல் போட்டாள். "கடைக்குக் கொண்டு வாங்க சார். போட்டுருவோம். வேற என்ன என்ன இருக்குன்னு யோசிச்சு வைங்க."

பந்தியில் உட்கார்ந்து அவள் என்ன சாப்பிட்டாள் என்று அழகுபாண்டி கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. மேடையை விட்டு இறங்கிய பலகை மண்டபத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அடிவாரத்திலேயே ஆயுசைக் கழித்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தங்கள் மலையைத் தடவிப் பார்த்தார்கள்.

மறுவாரமே புதுமாப்பிள்ளையும் பொண்ணும் கோரிப்பாளையத்துக்கு வந்துவிட்டார்கள். விக்ரம் ஒவ்வோர் இடமாக விரல் வைத்துச் சொல்ல, முத்துத்தாய் பாறைக்குழியையும், முனிவர்கள் தங்கிய குகையையும், அடிவாரக் கோயிலையும் மலைக்குள் இறக்கினாள். ஓரிடத்தில் அவருக்கும் முத்துத்தாய்க்கும் சின்ன வாக்குவாதம்கூட வந்தது. குகை இன்னும் மேலே என்றார் அவர், படத்தில் இங்கேதான் இருக்கிறது என்றாள் அவள். கண்ணுச்சாமிக்கு போன் போட்டுக் கேட்டுத் தீர்த்துக்கொண்டார்கள். அந்த மலை இப்போது விக்ரமின் வகுப்பில் மேசைமேல் இருக்கிறது. பார்வை உள்ள பிள்ளைகள்தான் அதைத் தொடச் சண்டை போடுகிறார்களாம்.

இதற்குப் பிறகு முத்துத்தாயின் கடைக்கு வேறு விதமான ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பார்வையற்ற பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு டீச்சர் வந்து, பிள்ளைகள் கேட்ட பொருட்களைச் சொன்னார். பிறை நிலா, தோகை விரித்த மயில், வைகைப் பாலம். முத்துத்தாய் பாதியிலேயே எழுந்து பலகை எடுக்கப் போனாள்.

"ஒரு பிள்ளை மின்னல் கேட்டுச்சு" என்றார் டீச்சர், தயங்கிக்கொண்டே. "இடிச் சத்தம் கேக்குது, அதுக்கு முன்னாடி வாரது எப்படி இருக்கும்னு. அது முடியாதுன்னு சொல்லிட்டேன்."

"ஏன் டீச்சர் முடியாதுன்னு சொன்னீங்க?" என்றாள் முத்துத்தாய். கையில் இருந்த பலகையை வைத்துவிட்டு, வேறு ஒரு பெரிய பலகையை எடுத்து மிஷினுக்குள் தள்ளினாள்.